கணக்கில் மூன்று முறை தோற்ற பாலிடெக்னிக் மாணவர்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் சங்கச் செயலாளர் வகுப்புக்கு வந்து கேட்டபோது, எல்லோரையும் போல நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். கவிதை எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எடிசனைப் பற்றியும் ஃபோர்டைப் பற்றியும் எழுத ஒவ்வொரு வருஷமும் யாராவது இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது டயர் ஒன்றுதான். ஆகவே டயர் வழியாக ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கப்பா பைபாஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்க வந்தபோதுதான். எங்கள் சொந்தத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். நான் டிப்ளமோ சேர்ந்த அன்றைக்கு அப்பா கடையைச் சாத்திவிட்டு என்னோடு வந்தார். அப்படிச் சேர்ந்த நான் முதல் வருஷமே கணக்கில் அரியர் வைத்தேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் போச்சு! வீட்டில் எப்படிச் சொல்வது? படிப்பை விட்டுவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்துவிடலாம் என்று முடிவு பண்ணிக்கொண்டிருந்த சமயத்தில்தான் எங்கள் ஆசிரியர் ஒருவர் (தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்) என்னைக் கூப்பிட்டு, நம்மைப் போலவே ஒரு பாலிடெக்னிக்கில் படித்து, கணக்கில் மூன்று தடவை தோற்றுப்போன ஒருவரின் கதையைச் சொன்னார்.

அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். உலகமே திரும்பிப் பார்த்த 'மினி' என்ற சின்னக் காரை வடிவமைத்தவர்.

அகதியாக வந்த பையன்

அலெக் இசிகோனிஸ் 1906-ஆம் ஆண்டு நவம்பர் 18-ல் ஸ்மிர்னா துறைமுக நகரில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று வழங்கும் ஊர் அது. அப்பா கான்ஸ்டன்டைன் கிரேக்க வம்சத்தவர், ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற குடும்பம். கப்பல் எஞ்சின் வேலைகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அம்மா ஹுல்டா ஜெர்மன் நாட்டு வழி வந்தவர். பட்டறைச் சத்தத்திலும் இரும்பு வாசனையிலும் வளர்ந்த பையன். வசதிக்குக் குறைவில்லை.

ஆனால் 1922-ல் கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் நடந்த போர் ஸ்மிர்னாவின் வாசலுக்கே வந்துவிட்டது. பிரிட்டிஷ் குடிமக்களைக் கப்பலில் ஏற்றி மால்டா தீவுக்குக் கொண்டுபோனார்கள். வீடு, பட்டறை, சொத்து எல்லாம் அங்கேயே போயிற்று. கொஞ்ச காலத்திலேயே அப்பாவும் இறந்துபோனார். பதினாறு வயதுப் பையனும் விதவைத் தாயும் 1923-ல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள்.

அங்கே லண்டனில் பாட்டர்ஸீ பாலிடெக்னிக் என்ற நிறுவனத்தில் அலெக் பொறியியல் சேர்ந்தார். (அந்தப் பாலிடெக்னிக்தான் 1966-ல் சர்ரே பல்கலைக்கழகமாக ஆயிற்று.) டிராயிங்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. கணக்கிலோ ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை தோல்வி! அகதியாக வந்த இடத்தில், அப்பா இல்லாத வீட்டில், அந்த ரிசல்ட்டை அவர் தன் அம்மாவிடம் எப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

கையால் கட்டிய கார்

படிப்புக்குப் பிறகு 1928-ல் லண்டனில் ஒரு சிறிய டிசைன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கிளட்ச் சம்பந்தமான வேலை. 1934-ல் கவென்ட்ரி நகரில் ஹம்பர் கம்பெனிக்கும், 1936-ல் மோரிஸ் கம்பெனிக்கும் போனார். மோரிஸில் அவர் பார்த்தது சஸ்பென்ஷன் வேலை. அதாவது, சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

வேலை நேரம் போக, ஜார்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு சின்ன ரேஸ் காரைத் தன் கையாலேயே கட்டினார். ஆஸ்டின் செவன் எஞ்சின், ரப்பரை வைத்துச் செய்த சஸ்பென்ஷன். 'லைட்வெய்ட் ஸ்பெஷல்' என்று அதற்குப் பெயர். பெயருக்கு ஏற்றபடி ஒவ்வொரு கிராமாகக் குறைத்துக் கட்டிய வண்டி. 1930-களின் பெரும்பகுதி இரண்டு பேரும் கிடைத்த நேரத்தில் எல்லாம் அதில்தான் உழைத்தார்கள். எடை குறைந்தால் சின்ன எஞ்சினே போதும், வளைவிலும் வண்டி சொன்னபடி கேட்கும் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-ல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. அதில்தான் முதன்முதலாக அவர் சக்கரத்தில் கை வைத்தார். அப்போதைய கார்களுக்குப் பெரிய சக்கரம்தான் வழக்கம். இவர் 14 அங்குலமாகக் குறைத்தார். வண்டி ரோட்டோடு ஒட்டினாற்போல் நின்றது. கடைசி நேரத்தில் வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறது என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்தினார். நான்கு அங்குலம் கூடியிருந்தது. எந்தச் சூத்திரமும் இல்லை, கண் அளவுதான்! அந்த மைனர்தான் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார்.

பத்து அங்குலச் சக்கரம்

1956-ல் சூயஸ் கால்வாய் விவகாரம் வெடித்தது. இங்கிலாந்தில் பெட்ரோல் ரேஷன் ஆயிற்று. குறைந்த பெட்ரோலில் ஓடும் முட்டை வடிவக் குட்டி வண்டிகள் ஜெர்மனியிலிருந்து வந்து சாலையை நிரப்பின. மோரிஸும் ஆஸ்டினும் 1952-லேயே பி.எம்.சி. என்ற ஒரே கம்பெனியாக இணைந்திருந்தன. இடையில் ஆல்விஸ் கம்பெனிக்குப் போயிருந்த இசிகோனிஸும் திரும்பி வந்திருந்தார். கம்பெனித் தலைவர் லெனார்ட் லார்டு 1957 மார்ச்சில் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். நான்கு பேர் வசதியாக உட்கார வேண்டும், வண்டி சின்னதாக இருக்க வேண்டும், எஞ்சின் மட்டும் கம்பெனியில் ஏற்கனவே இருப்பதாகவே இருக்க வேண்டும்!

நண்பர்களே, நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பெரிய காரைச் சுருக்கிப் பார்ப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், ஆயில் நிற்கும் இடத்திலேயே வைத்தார். முன்சக்கரம் இழுக்கும்படி செய்தார். நான்கு சக்கரத்தையும் நான்கு மூலைக்குத் தள்ளினார். மொத்த நீளம் சுமார் 3.05 மீட்டர்தான்.

இதிலே ஒரு சிக்கல். சக்கரம் பெரிதாக இருந்தால் மட்கார்டும் பெரிதாகும். மட்கார்டு பெரிதானால் உள்ளே கால் வைக்க இடம் போகும். எனவே சக்கரத்தைக் குறைத்தாக வேண்டும். பத்து அங்குலம் என்று அவர் மனதில் தீர்மானித்துக்கொண்டார். டன்லப் கம்பெனிக்குப் போய், எட்டு அங்குலத்துக்கு டயர் செய்து கொடுங்கள் என்று கேட்டாராம்! அவர்கள் திகைத்துப் போய் முடியாது என்று சொல்ல, பேசிப் பேசிப் பத்து அங்குலத்தில் வந்து நின்றார்களாம். சந்தையில் பேரம் பேசும் நம் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தைதான் இது.

இப்படி வந்ததுதான் 5.20-10 என்ற டயர். 5.20 என்பது அகலம், 10 என்பது ரிம், இரண்டும் அங்குலத்தில். இடம் கிடைத்தது, எடையும் குறைந்தது. ஆனால் சின்னச் சக்கரம் சும்மா கிடைப்பதில்லை. அதற்கும் விலை உண்டு. மொத்த உயரம் சுமார் அரை மீட்டர் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டர் போக அது 600 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். அதிகம் சுற்றினால் சூடும் அதிகம், தேய்மானமும் அதிகம். குழியில் பெரிய சக்கரம் தாண்டிவிடும், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கும். பிரேக்குக்கும் ரிம்முக்குள்ளே இடம் குறைவு. குழியின் அதிர்ச்சியைத் தாங்க அலெக்ஸ் மோல்ட்டன் என்ற நண்பர் ரப்பர் கூம்புகளை வைத்து சஸ்பென்ஷன் செய்து கொடுத்தார். எஞ்சின் முன்னால் இருப்பதால் காற்றுகூட முன் டயருக்கு 24, பின் டயருக்கு 22 பவுண்டு என்று வைத்தார்கள்.

1959 ஆகஸ்டு 26-ல் மினி வெளிவந்தது. 848 சி.சி. எஞ்சின், 34 குதிரைத் திறன். எடை சுமார் 600 கிலோ.

கூப்பர் கண்ட கார்

இசிகோனிஸ் மினியை ஏழை எளிய குடும்பங்கள் போகிற வண்டியாகத்தான் நினைத்தார். அதில் ஒரு ரேஸ் வண்டி ஒளிந்திருப்பதைக் கண்டவர் அவருடைய நண்பர் ஜான் கூப்பர். 1959-லும் 1960-லும் ஃபார்முலா ஒன் கம்பெனிகளுக்கான சாம்பியன் பட்டத்தை வென்ற கூப்பர் கார்கள் இவருடையவை. சக்கரங்கள் மூலைக்கு மூலை, எடை குறைவு, தரையோடு ஒட்டிய உடம்பு. வளைவில் இதை விரட்ட முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இசிகோனிஸ் முதலில் சம்மதிக்கவில்லை. கூப்பர் மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினார். 1961-ல் மினி கூப்பர் பிறந்தது. 997 சி.சி., 55 குதிரைத் திறன். பத்து அங்குல ரிம்முக்குள்ளே 7 அங்குல டிஸ்க் பிரேக்கை அடக்கினார்கள்.

1963-ல் கூப்பர் எஸ் வந்தது. இதில் டயரும் மாறியது. பழைய டயர் கிராஸ் பிளை, நம் ஊரில் நைலான் டயர் என்று சொல்வோமே, அந்த வகை. அதன் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போகும். வளைவில் பக்கச்சுவர் சாய்ந்தால் ரோட்டில் படும் பகுதியும் கூடவே சாய்ந்து தூக்கிக்கொள்ளும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், அதற்கு மேலே பெல்ட் சுற்றியிருக்கும். பக்கச்சுவர் எவ்வளவு வளைந்தாலும் ரோட்டில் படும் பகுதி தட்டையாகவே நிற்கும். கூப்பர் எஸ் காருக்கு 145-10 ரேடியல் போட்டார்கள். ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை தூக்காமல் நின்றால் போதும், வண்டி நம் சொல்லைக் கேட்கும்.

கேட்டது! 1964-ல் பாடி ஹாப்கர்க், 1965-ல் டிமோ மகினென், 1967-ல் ராவ்னோ ஆல்டோனென் என்று மூன்று பேர் மினியில் மான்ட்டி கார்லோ ராலியை வென்றார்கள். (1966-ல் ஹெட்லைட் விதியைச் சொல்லி மினிகளைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.) பனி மலைப் பாதை, ஒரு வளைவில் ஐஸ், அடுத்த வளைவில் காய்ந்த ரோடு. எந்தக் கட்டத்துக்கு ஆணி பதித்த டயர், எதற்குச் சாதா டயர் என்று தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வெற்றி. பெரிய எஞ்சின் கார்கள் நேர் ரோட்டில் பிடித்த நேரத்தையெல்லாம் இந்தக் குட்டி வண்டி வளைவுகளில் திருப்பி வாங்கிக்கொண்டது.

நான் செய்த தவறு

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் விடுமுறையில் அப்பா வெளியே போயிருந்தார். கடையில் நான் மட்டும். ஒரு மாருதி 800 வந்தது. (2014-ல் அந்தக் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிறது.) முன் டயர் வெடித்து, ஸ்டெப்னியும் பஞ்சர். அவசரமாகப் போக வேண்டும் என்றார் அந்த அண்ணன். கடையில் ஒரு பழைய டயர் கிடந்தது. 145 சரி, 12 சரி. நான் டிப்ளமோ மாணவன் அல்லவா, நம்பர் படிக்கத் தெரியுமே என்று பெருமையாக மாட்டி அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தார். பைபாஸில் பிரேக் பிடித்தபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்றாம். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருந்தன. எனக்குக் கை கால் நடுங்கியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். மேலே ஒரு இரும்புச் சட்டத்தை வைத்தார். சட்டம் சாய்ந்தது. அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சரியான டயரைத் தன் செலவில் மாட்டிக் கொடுத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். வண்டியில் இருந்தது 145/70 R12. நான் மாட்டியது 145/80 R12. நடுவில் இருந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. 145 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எழுபது. R ரேடியல். 12 ரிம், அங்குலத்தில். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அப்படியானால்:

145/70 R12: சுவர் 101.5. இரண்டு சுவர் 203. ரிம் 304.8. மொத்த உயரம் 507.8 மி.மீ.

145/80 R12: சுவர் 116. இரண்டு சுவர் 232. ரிம் 304.8. மொத்த உயரம் 536.8 மி.மீ.

29 மில்லிமீட்டர் வித்தியாசம்! சுற்றளவு கண்டு வகுத்துப் பார்த்தேன். முதல் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 627 சுற்று, இரண்டாவது 593 சுற்று. ஒரே அச்சில் ஒரு பக்கம் 34 சுற்று அதிகம். வண்டி இழுக்காமல் என்ன செய்யும்? பரீட்சைக்காக இல்லாமல் எனக்காக நான் போட்ட முதல் கணக்கு அதுதான். விடை சரியாக வந்தது. ஆனால் அந்த விடையை அப்பா இரும்புச் சட்டத்தாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

சின்ன வண்டிக்கு டயர் பார்க்கும் முறை

அதற்குப் பிறகு மினி காரின் டயர்களையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதிலே ஒரு அழகு இருக்கிறது. 1984-லிருந்து எல்லா மினிக்கும் 12 அங்குலச் சக்கரம் வந்தது. 8.4 அங்குல டிஸ்க் பிரேக்குக்கு இடம் வேண்டும் என்பது காரணம். டயர் அளவு? நம் மாருதிக்குப் போட்ட அதே 145/70 R12! பந்தய ஆசை உள்ளவர்கள் 165/60 R12 போட்டார்கள். அதன் உயரம் 502.8. 1990-களின் கடைசியில் 13 அங்குலச் சக்கரத்தில் 175/50 R13 வந்தது. அதன் உயரம் 505.2. பார்த்தீர்களா? அகலம் 145-லிருந்து 175 ஆயிற்று, ரிம் ஒரு அங்குலம் ஏறியது. மொத்த உயரம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அகலம் கூடக்கூடச் சுவரைக் குறைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியரின் இழுவையும் மாறாது.

12 அங்குல மினியை மறுபடி 10 அங்குலத்துக்கு மாற்றி 165/70 R10 போடுகிறவர்களும் உண்டு. உயரம் 485. கிட்டத்தட்ட நாலரை சதவீதம் குறைவு. வண்டி துள்ளி எழும்பும். ஆனால் மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் ஓடுவது 57 தான். 8.4 அங்குல டிஸ்க்கும் அந்த ரிம்முக்குள் போகாது, பிரேக்கையே மாற்றியாக வேண்டும்.

ஆகவே தம்பிகளே, யாராவது சின்ன வண்டிக்கு அகல டயர் கேட்டு வந்தால் இவற்றைப் பாருங்கள். மொத்த உயரம் கம்பெனி டயரிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது. அகல டயருக்கு அகல ரிம் வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் மாட்டினால் டயர் பலூன் மாதிரி பிதுங்கும், வளைவில் நெளியும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஆட்களை ஏற்றி, மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். அளவுக்குப் பின்னால் 69S என்று இருந்தால் அந்த டயர் 325 கிலோ தாங்கும், 180 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகும் என்று அர்த்தம். கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த குறி உள்ளதை மாட்டவே கூடாது. ரோட்டை நன்றாகப் பிடிக்கும் மெது ரப்பர் சீக்கிரம் தேயும். ரொம்ப அகலமான டயர் மழைத் தண்ணீரில் மிதக்கவும் பார்க்கும். கடைசியாக, ஒரே அச்சில் இரண்டு விதமான டயர் கூடாது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்!

அவரிடமும் குறை உண்டு

இசிகோனிஸின் கதையை முதலில் கேட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம். கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பெரிய ஆளாகலாம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தபோதுதான் பாதிக் கதையையே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அவர் வரைந்ததெல்லாம் கையாலும் கண்ணாலும்தான். கையில் கிடைத்த தாளில் வரைந்து தள்ளுவார். ஆனால் அந்தப் படத்தை அளவுகளோடு முறையான டிராயிங்காக மாற்ற ஜாக் டேனியல்ஸ் போன்றவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ரப்பருக்கு மோல்ட்டன் இருந்தார். வேகத்துக்குக் கூப்பர் இருந்தார். யாருமே எடுத்துச் சொல்லாத இடங்களில் தவறு நடந்திருக்கிறது. முதலில் வந்த மினிகளில் தரைத் தகடுகளின் இணைப்பு தவறான பக்கம் பார்த்து இருந்ததால், மழையில் ஓடும்போது தண்ணீர் உள்ளே வந்து கால் நனைந்தது. ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் ஒரு மினியை வாங்கி அக்கு அக்காகப் பிரித்துக் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு வண்டிக்கும் சுமார் 30 பவுண்டு நஷ்டம் என்று சொன்னார்களாம். தேர்வில் வராத கணக்கு கடையில் வந்து நிற்கும் போலிருக்கிறது!

ஆனாலும் அவர் செய்த காரியம் சாதாரணமா? 1969-ல் அவருக்குச் சர் பட்டம் கொடுத்தார்கள். மினிக்குப் பதிலாக இன்னும் சிறிய ஒரு வண்டியை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். 1968-ல் கம்பெனி வேறு கம்பெனியோடு இணைந்ததும் அது கிடப்பில் போடப்பட்டது. 1971-ல் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? துளை போட்ட தகடுகளை நட்டு போல்ட்டால் முடுக்கி விளையாடும் மெக்கானோ பெட்டி! அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து கைபிடித்துக் கூட்டி வந்த அம்மாவோடு, அந்த அம்மா 1972-ல் இறக்கும் வரை ஒரே வீட்டில் இருந்தார். 1988 அக்டோபர் 2-ல் பர்மிங்காமில் காலமானார்.

மினி 2000 அக்டோபர் வரை ஓடியது. 53 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1999-ல் நூற்றாண்டின் சிறந்த கார் எது என்று உலக அளவில் தேர்ந்தெடுத்தபோது ஃபோர்டு மாடல் டி-க்கு அடுத்த இடம் மினிக்கு. 2001-ல் பி.எம்.டபிள்யூ. புது மினியைக் கொண்டு வந்தது. ஆரம்ப மாடலின் டயர் 175/65 R15, உயரம் 608.5 மி.மீ. பழைய மினிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சட்டத்தை வைத்தால் பத்து சென்டிமீட்டர் சாயும். அப்பாவுக்குச் சொன்னேன், சிரித்தார்.

முடிவாக

இப்போது எங்கள் கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. எங்கள் ஊருக்கு வரும் சின்ன வண்டிகளின் டயர் அளவுகளையும் மொத்த உயரத்தையும் நான் கணக்குப் போட்டு எழுதியது. அப்பாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது, எண் தெரியும். புது டயர் வந்தால் முதலில் அட்டையைப் பார்க்கிறார். பிறகு, அட்டையை நம்பாதவர் மாதிரி, இரும்புச் சட்டத்தையும் எடுத்து வைக்கிறார். இதுவரை இரண்டும் ஒத்துப்போகிறது.

கணக்குத் தேர்வை மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறேன். இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை ரிசல்ட் வரவில்லை. பாட்டர்ஸீ மாணவருக்கு மூன்றாவது முறையும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு வராவிட்டால் நான்காவது முறையும் எழுதுவேன். கடையில் போய் உட்கார மாட்டேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஃபீஸ் பணத்தை எண்ணி மேஜை மேல் வைத்திருந்தார்.



மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு